நாற்பத்தேழு டிகிரி ஸ்ட்ராபெரி

எட்டாம் ரக ஸ்ட்ராபெரியின் இனிப்பு நாற்பத்தேழு டிகிரி என்று திரையில் வந்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காப்பியை ஒரு வாய் குடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது.

சாதாரண ஸ்ட்ராபெரி பத்து, பதினொன்று காட்டும். ரொம்ப நல்லது பதினான்கு. கடையில் புட்டியில் விற்கிற ஜாமே நாற்பத்தைந்துதான். செடியிலேயே ஜாம் காய்க்கிறதென்றால் அதைத் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்து மலைக்கோயிலில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், எட்டாம் ரகத்துக்குத்தான் முதலிடம் என்று திங்கட்கிழமையே நான் அறிக்கை கொடுத்துவிட்டேன். அன்று புதன். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு வருகிறது.

"போட்டியில இருக்கிற எட்டு ரகத்தையும் இனிப்பை வச்சு வரிசைப்படுத்திக் கொடுங்க, ஒகினோ-சான். ஒரே தாள். எண்ணெல்லாம் போடாதீங்க. எண்ணைப் பார்த்தா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க" என்று பிரிவுத் தலைவர் நிஷிவாக்கி சொல்லியிருந்தார். அவர் ஏப்ரல் மாத இடமாற்றத்தில் துறைமுக அலுவலகத்திலிருந்து எங்கள் மலைக்கு வந்தவர். ஸ்ட்ராபெரியையும் இறக்க வேண்டிய சரக்காகத்தான் பார்ப்பார். நானும் ஏப்ரலில் வந்தவன்தான், புள்ளிவிவரம் பார்க்க ஒரு வருட ஒப்பந்தத்தில். ஸ்ட்ராபெரி தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஸ்ட்ராபெரியின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

நான் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்குள் இருக்கும் எதைச் சுட்டிக்காட்டியும், 'நீ என்ன வகை?' என்று கேட்கலாம். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லும். 'நான் எண்.' 'நான் எழுத்து.' 'நான் தேதி.' எங்கள் அலுவலகத்தில் வேறு யாரிடமும் இந்த வசதி கிடையாது. எதைக் கேட்டாலும், "அது வந்து… கொஞ்சம்…" என்று ஆரம்பித்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். சில நேரம் 'நாசமாய்ப் போச்சு' என்றும் அர்த்தம்.

கணக்குப் போடும் முன்னால் ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். திங்கட்கிழமை நான் கேட்கவில்லை. அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான வகை, சோம்பல்.

இப்போது கேட்டேன். இனிப்பு அளவுகள் இருந்த நெடுவரிசையைச் சுட்டி, 'நீ என்ன வகை?'

'நான் பெயர்ச்சீட்டு' என்றது.

நானூற்றுப் பன்னிரண்டு அளவுகளில் ஒன்றைக்கூட அது எண்ணாகப் பார்த்திருக்கவில்லை. எங்கள் நிலையத்துக் கணினியில் இருப்பது பழைய பதிப்பு. ஒரு நெடுவரிசையில் எங்காவது ஒரு எழுத்து கலந்திருந்தால், முழுவதையும் பெயர்கள் என்று முடிவு கட்டிவிடும். பிறகு அவற்றை அகராதி வரிசையில் உட்காரவைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கை எண் கொடுக்கும். அகராதியில் '1' என்று தொடங்குவதெல்லாம் முன்னால். '8', '9' என்று தொடங்குவது கடைசி பெஞ்சு. ஆகவே பத்தும் பதினான்கும் முன்னால் உட்கார்ந்திருக்க, எட்டரையும் ஒன்பதும் கடைசியில் போய்ப் பெரிய பெரிய இருக்கை எண்களோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. நான் சராசரி எடுத்தது அந்த இருக்கை எண்களை. ரயிலில் யார் உயரமானவர் என்று அவரவர் டிக்கெட்டில் இருந்த இருக்கை எண்ணைப் பார்த்துச் சொன்ன மாதிரி.

திருத்திப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் ரகம், பதினான்கு புள்ளி ஒன்று. எட்டாம் ரகம், ஒன்பது புள்ளி இரண்டு. எட்டில் எட்டாவது.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இருநூற்று அறுபதாவது வரி. 12.3 என்று இருந்தது. அதன் '1' மட்டும் அக்கம்பக்கத்து '1'களைவிடக் கொஞ்சம் பருமன். எங்கள் நாட்டுக் கணினிகளில் எண்ணுக்கு இரண்டு உடம்பு உண்டு, ஒல்லி ஒன்று, குண்டு ஒன்று. ஜப்பானிய மொழியில் அடித்துக்கொண்டிருந்த கையோடு எண்ணைத் தட்டினால் குண்டு வரும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குப் போடும் மென்பொருளுக்குக் குண்டானது எழுத்து.

அந்த ஒரு வரியில் மட்டும் தாள் நனைந்து எண் கலைந்திருந்ததால், அதை மறுபடி தட்டியவன் நான்தான். அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் என் பழைய பேராசிரியருக்குக் கோடை வாழ்த்து அட்டை அடித்து முடித்திருந்தேன். 'கொடிய வெயிலில் தங்கள் உடல்நலம் எப்படி? தாங்கள் கற்றுத்தந்தபடி நான் கவனமாக வேலை செய்து வருகிறேன்.'

நிஷிவாக்கியின் மேஜைக்குப் போனேன்.

"பிரிவுத் தலைவரே, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயமா? மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"திங்கக்கிழமை கொடுத்த வரிசை தலைகீழாயிடுச்சு. எட்டு முதல் இல்ல, கடைசி. மூணுதான் முதல்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி?"

"ஒரு எண் குண்டா இருந்துச்சு."

"ஒகினோ-சான், துறைமுகத்துல ஒருத்தன் கப்பலையே தப்பான கரைக்கு அனுப்பினான். அவன்கூட இதைவிட நல்ல காரணம் சொன்னான்."

"அறிக்கையைத் திருத்திடறேன்."

"அறிக்கை சரி. வாசல்ல கட்டியிருக்கிற துணியை?"

எட்டிப் பார்த்தேன். 'எட்டாம் ரகத்துக்கு வாழ்த்துகள்!' என்று ஆறு மீட்டர் நீளத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அதை விடுங்க. குவபாரா-சான்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்க பிரிவுத் தலைவர்…"

"அது வந்து… கொஞ்சம்…" என்று அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குவபாரா-சான்தான் எட்டாம் ரகத்தை உருவாக்கியவர். முப்பத்து நாலு வருடமாக இங்கே ஸ்ட்ராபெரியோடு வாழ்கிறார். இதற்கு முன் அவருடைய மூன்று ரகங்கள் போட்டிக்குப் போய்த் தோற்றன. தேர்வாகாத ரகத்தை வேரோடு அழித்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. மூன்றையும் தன் கையாலேயே குப்பைக்குழியில் போட்டவர். எட்டாம் ரகம் பதினோரு வருட உழைப்பு. வருகிற மார்ச்சில் ஓய்வு. அதாவது, இதுவும் போனால் அவர் இந்த மலையில் விட்டுச் செல்ல ஒரு இலைகூட மிஞ்சாது.

கண்ணாடிக்குடிலுக்குள் நுழைந்ததும் அவர் என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். சிவப்புப் பயறு போட்ட சாதம். நல்ல காரியம் நடந்தால் வீட்டில் செய்வது.

"என் சம்சாரம் விடியக்காலையிலேயே எழுந்து இருபத்தெட்டு பேருக்குச் செஞ்சுது. உங்களுக்கு மட்டும் ரெண்டு பங்கு. எல்லாம் உங்களாலதான், ஒகினோ-சான்."

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க."

"அடக்கத்தைப் பாரு!"

"இல்லீங்க, நிஜமாவே பண்ணல. பண்ண வேண்டியதைப் பண்ணல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்து நாலு வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைவாயில் ஒரு தங்கப் பல் இருந்தது.

"குவபாரா-சான், அந்த வரிசையில… ஒரு சின்ன மறுபரிசோதனை…"

"ஓ! இன்னும் பழம் வேணுமா? எவ்வளவு?"

"அது வந்து… கொஞ்சம்…" என்று நானும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முயன்றேன். கண்ணாடிக்குடிலில் எல்லாப் பக்கமும் ஜன்னல். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன்.

அந்தச் சுற்றை அவர் 'நிறைய' என்று புரிந்துகொண்டார். மதியத்துக்குள் எட்டாம் ரகத்தில் பழுத்திருந்த அத்தனையும் என் மேஜைக்கு வந்துவிட்டது. எழுபத்து மூன்று பழங்கள், மூன்று தட்டுகளில்.

"ஒண்ணுகூட விடல. நல்லா அளந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை குழு ருசி பார்ப்பதற்கென்று செடியில் விட்டுவைத்திருந்த பழங்கள் அவை.

சரி, பறித்தது பறித்தாயிற்று, ஒருவேளை மறுபடி அளந்தால் நல்ல எண் வரலாம் என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அளவு அறைக்குப் போனேன். அங்கே நெமோட்டோ-சான் இருந்தார். நாள்கூலிக்கு வரும் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு பழங்களையும் பிழிந்து அளந்தவர் அவர்தான். தானாக ஒரு வார்த்தை பேச மாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில்.

ஒவ்வொரு பழமாகப் பிழிந்து கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டார். "ஒன்பது புள்ளி ஒண்ணு. எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி நாலு."

"கருவி கெட்டுப்போச்சோ?"

"தண்ணி விட்டா பூஜ்யம் காட்டுது."

நானே ஒரு பழத்தை வாயில் போட்டேன். வலது கண் தானாக மூடிக்கொண்டது. காதுகள் இரண்டும் பின்னால் நகர்ந்ததை உணர்ந்தேன்.

"என்னங்க இது, இப்படிப் புளிக்குது!"

"ஆமாங்க, நல்லாப் புளிக்கும்" என்றார் நெமோட்டோ-சான்.

"பாவம், குவபாரா-சான்."

அவர் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் பாவம்?"

புள்ளிவிவரம் தெரியாதவர்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெம்பு இல்லை. எழுபத்து மூன்றையும் பிழிந்து முடித்தோம். சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. முன்பைவிட இன்னும் கொஞ்சம் குறைவு.

வியாழக்கிழமை காலை குவபாரா-சான் முன்னால் போய் நின்று இடுப்பு மடங்குகிற அளவுக்குக் குனிந்தேன்.

"மன்னிக்கணும். முழுக்க என் தப்பு. எட்டு முதல் இல்லீங்க. கடைசி."

அவர் கையில் பூவாளி இருந்தது. தண்ணீர் ஒரே தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"கடைசியா?"

"ஆமாங்க."

"மறுபடி அளந்தும்?"

"அளந்தும்."

"எண்ணைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். ஒரு மனிதனின் பதினோரு வருடத்தை ஒன்பது புள்ளி ஒன்று என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம், குவபாரா-சான். பார்த்தா இன்னும் கஷ்டமாயிடும்."

"அவ்வளவு மோசமா?"

"மத்ததெல்லாம் ஒரு கூட்டமா இருக்கு. எட்டு மட்டும்… ரொம்ப தூரத்துல தனியா நிக்குது."

"அப்படியா" என்றார்.

பூவாளியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றி, விரல் விரலாக நீவி, இரண்டாக மடித்தார்.

"தினம் ஒண்ணு தின்னு பார்ப்பேன். சரியா வந்திருக்குன்னு நாக்கு சொல்லிச்சு. வயசாயிடுச்சு போல, நாக்கு ஏமாத்திடுச்சு. எண்ணு ஏமாத்தாது இல்லியா?"

"ஏமாத்தாதுங்க" என்றேன்.

அரை மணி நேரத்தில் எட்டாம் ரகத்தைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்வதாக எழுதி, முத்திரை குத்தி, நிஷிவாக்கியின் மேஜையில் வைத்துவிட்டார். பிறகு நாற்பது தொட்டிகளையும் தானே கைவண்டியில் ஏற்றினார்.

"நெமோட்டோ-சான், இதையெல்லாம் குப்பைக்குழியில போட்டுடுங்க. இந்தத் தடவை என்னால முடியல."

"எட்டையா?"

"எட்டைத்தான்."

நெமோட்டோ-சான் அவரைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். மேட்டில் வண்டி ஏறத் திணறியது. என்னால் முடிந்த உதவி, பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வுக் குழு வந்தது. நகரத்திலிருந்து ஆறு கடைக்காரர்கள், எல்லோரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். வாசல் துணியில் 'எட்டாம்' என்பதன்மேல் 'மூன்றாம்' என்று எழுதிய வெள்ளைத் தாளை நிஷிவாக்கி ஏணியில் ஏறி ஒட்டியிருந்தார். அதன் ஒரு மூலை பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. குவபாரா-சான் விடுப்பு எடுத்திருந்தார். முப்பத்து நாலு வருடத்தில் முதல் விடுப்பு என்று பணியாளர் பிரிவில் சொன்னார்கள். அதற்கான படிவம் எங்கே இருக்கிறதென்றே அவருக்குத் தெரியவில்லையாம்.

இந்தத் தடவை நான் எதையும் நம்பவில்லை. ஒரு நெடுவரிசை விடாமல், 'நீ என்ன வகை?' என்று கேட்டு, கிடைத்த பதில்களைத் தனிப் பக்கமாகவே தயாரித்திருந்தேன். இனிப்பு: எண். எடை: எண். பறித்த நாள்: தேதி. எல்லாம் அதது அததாகவே இருந்தது. அதைத் திரையில் காட்டிவிட்டு, மூன்றாம் ரகத்தின் பதினான்கு புள்ளி ஒன்றைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

ஆறு பேரும் குறிப்பேட்டை மூடினார்கள்.

"சுவாரசியமா இருக்கு" என்றார் குழுத் தலைவர் கடைசியில்.

"ரொம்ப உழைச்சிருக்கீங்க" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

எங்கள் ஊரில் இவை இரண்டும் சவப்பெட்டிக்கு அடிக்கிற ஆணிகள். நிஷிவாக்கிக்கு வியர்த்தது. மூன்றாம் ரகத்தைத் தட்டில் வைத்து நீட்டினோம். ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தார்கள். மென்றார்கள். ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"திங்கக்கிழமை வந்த தாள்ல எட்டுன்னு இருந்துச்சே" என்றார் தலைவர். "அதை நம்பித்தான் வந்தோம். அந்தப் பழம் கொஞ்சம் கிடைக்குமா?"

"அந்தத் தாள் தப்புங்க" என்றேன். "எட்டு போட்டியிலேருந்தே விலகிடுச்சு. பழமும் இல்ல. பிழிஞ்சுட்டோம்."

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்கள். லாரி டயரில் ஆணி ஏறியது போலக் கேட்டது.

"அப்ப இந்த வருஷம்… யோசிச்சுச் சொல்றோம்."

யோசிக்கப்போவதில்லை என்று அர்த்தம். பத்து நிமிட இடைவேளை என்று நிஷிவாக்கி எழுந்தார். என்னைத் தாண்டும்போது, "துறைமுகத்துல இப்பவும் ஆள் எடுக்கறாங்க, ஒகினோ-சான்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். நெமோட்டோ-சான் பனிக்கட்டிமேல் ஒரு பாத்திரத்தை வைத்து க்ரீமை அடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்கு என்னென்னவோ உபசாரம் என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறந்தேன். அப்போதுதான் பின்வாசல் ஓரத்தில் அந்தக் கைவண்டி கண்ணில் பட்டது. நாற்பது தொட்டிகளும் அதிலேயே இருந்தன. தண்ணீர் ஊற்றியிருந்தது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இரண்டு நாளில் புதிதாகச் சிவந்த ஏழு பழங்கள்.

"நெமோட்டோ-சான், இதைக் குப்பைக்குழியில போடச் சொன்னாரே!"

"சொன்னாரு."

"போடலையா?"

"போடல."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"நெமோட்டோ-சான், மூணு நாளா நான் எதைச் சரிபண்ணினாலும் இன்னும் மோசமாவுது. கணினியில இருக்கிற எல்லாத்தையும் கேட்டுட்டேன். எல்லாம் ஒழுங்காத்தான் பதில் சொல்லுது. ஆனா அங்க ஆறு பேர் மூணாம் ரகத்தைத் தின்னுட்டு ஜன்னலைப் பார்க்கறாங்க, குவபாரா-சான் வீட்டுல படுத்திருக்காரு, நீங்க எட்டுக்குத் தண்ணி ஊத்தறீங்க. எங்கதான் தப்பு? தயவுசெஞ்சு ஜன்னலைப் பார்க்காம சொல்லுங்க. எட்டை ஏன் போடல?"

அவர் க்ரீம் அடிப்பதை நிறுத்தினார். கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து க்ரீமில் தோய்த்து என் கையில் வைத்தார். ஏப்ரலிலிருந்து இந்த அலுவலகத்தில் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"வந்திருக்கிறது ஆறும் கேக் கடை, ஒகினோ-சான். இனிப்புக்கு அவங்ககிட்டயே க்ரீம் இருக்கு. இந்தப் போட்டியே ரொம்பப் புளிக்கிற பழம் எதுன்னு கண்டுபிடிக்கத்தானே?"